வேலூரில் ஒரு மாணவர் வாசிப்பு வட்டம்: முதல் கூட்டம் எப்படி இருந்தது?

வேலூர் ஆபீசர்ஸ் லைனை ஒட்டிய ஒரு தெருவில், டியூஷன் சென்டர் ஒன்றின் மாடி அறையில், கல்லூரி மாணவர்கள் தாங்களாகவே தொடங்கியிருக்கும் வாசிப்பு வட்டத்தின் முதல் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்தது. கட்டணம் கிடையாது. எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்ற கேள்வியும் கிடையாது. வாட்ஸ்அப் குழுவில் 34 பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள், 21 பேர் வந்தார்கள். காட்பாடி, பாகாயம், சத்துவாச்சாரி பக்கத்து விடுதிகளில் தங்கிப் படிப்பவர்கள் பாதி. குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு, ஆரணி என்று வீட்டிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள் மீதி. வட ஆர்க்காடு மாவட்டம் 1989-இல் இரண்டாகப் பிரிந்தது, அதில் வேலூர்ப் பக்கம் 2019-இல் மறுபடி மூன்றானது. அன்றைக்கு அந்த அறையில் பழைய வட ஆர்க்காடு முழுவதும் வந்து உட்கார்ந்திருந்தது.

போகலாமா என்று கேட்டால், தயங்காமல் போகலாம். நல்ல வாசகர்கள் இருக்கிறார்கள். நடத்துகிறவர்களுக்கு உண்மையான அக்கறை இருக்கிறது. மாணவர்கள் தாங்களே கைக்காசு போட்டு ஒரு வாசிப்பு வட்டத்தைத் தொடங்குவது சாதாரண விஷயம் இல்லை, அது நிலைக்க வேண்டும். ஆனால் 135 நிமிடம் நடந்த முதல் கூட்டத்தில் புத்தகத்துக்குக் கிடைத்தது 28 நிமிடம். அது ஏன், எப்படி மாற்றலாம் என்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்று மணி என்று அறிவித்த கூட்டம் 3.40-க்குத் தொடங்கியது. வரவேற்புரையும் பொன்னாடையும் 15 நிமிடம். அறிமுகம் 42 நிமிடம், அதாவது ஆளுக்கு இரண்டு நிமிடம். அறிமுகத்தில் ஒரு விதி உண்டு: முதலில் பேசுகிறவர் எடுத்துக்கொள்ளும் நேரமே மற்ற எல்லாருக்கும் அளவாகிவிடும். இங்கே முதலில் பேசியவர் கல்லூரி, துறை, பள்ளியில் வாங்கிய பரிசு, பிடித்த எழுத்தாளர்கள் என்று விரிவாகச் சொன்னார், அடுத்தடுத்தவர்களும் அதே வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருங்கிணைப்பாளர் தானே முதல் ஆளாக இருபது வினாடியில் பெயர், ஊர், கடைசியாகப் படித்தது எது என்று மூன்றைச் சொல்லி உட்கார்ந்திருந்தால் 21 பேருக்கும் ஏழு நிமிடம் போதும். ‘பிடித்த எழுத்தாளர் யார்’ என்ற கேள்வியை அறவே விட்டுவிட வேண்டும். நிறையப் படித்தவருக்கு அது மேடை, புதிதாக வருகிறவருக்கு அது வாய்மொழித் தேர்வு. முதலாமாண்டு மாணவர்கள் சிலர் தங்கள் முறை வருவதற்குள் பக்கத்திலிருந்த அண்ணனிடம் ஒரு பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டதைப் பார்க்க முடிந்தது. கடைசியாகப் படித்தது என்று கேட்டால் பஸ்ஸில் படித்த வார இதழைக்கூடச் சொல்லலாம், யாருக்கும் கூச்சம் வராது.

அடுத்து சிறப்பு விருந்தினர். பதினைந்து நிமிடம் பேசச் சொல்லியிருந்தார்கள், முப்பது ஆனது. பெரும்பகுதி 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் நடந்த சிப்பாய் எழுச்சி பற்றியது: புதிய தலைப்பாகையும், நெற்றிக்குறிக்கும் தாடிக்கும் வந்த தடையும் எப்படிக் கோட்டைச் சிப்பாய்களைக் கொதிக்க வைத்தன, திப்புவின் பிள்ளைகள் கோட்டைக்குள் இருந்தது அதில் என்ன பங்கு வகித்தது, ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே எப்படி அடக்கினார் என்று தெளிவாகச் சொன்னார். கேட்கத் தகுந்த பேச்சுதான். ஆனால் அன்றைய புத்தகத்துக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. இப்படிப்பட்ட பெரியவர்களைப் பிறகு ஒரு கூட்டத்துக்கு, அந்த எழுச்சியைப் பற்றிய ஒரு கட்டுரையை எல்லாரும் படித்துவிட்டு, கோட்டைக்குள்ளேயே புல்தரையில் உட்கார்ந்து கேள்வி கேட்பதற்கென்று அழைக்கலாம். முதல் கூட்டத்தில் விருந்தினரும் வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம். வருகிற ஆசிரியர்கள் மாணவர்களுக்கு நடுவில் அதே நாற்காலியில் உட்காரட்டும். பொன்னாடை வந்துவிட்டால் அதோடு முன்னிலை, தலைமை, நன்றியுரை எல்லாம் வந்து சேரும், வந்தவர்கள் பேசுகிறவர்கள் என்றும் கேட்கிறவர்கள் என்றும் பிரிந்துவிடுவார்கள்.

இந்த நேர விரயத்தின் உண்மையான விலை தேநீருக்குப் பிறகு தெரிந்தது. விருந்தினர் பேச்சு முடிய 5.07, தேநீர் முடிய 5.22. விடுதிக்கு ஆறு மணிக்குள் திரும்ப வேண்டிய மாணவிகள் ஐந்து பேர் டம்ளரைக் கீழே வைத்த கையோடு கிளம்பிவிட்டார்கள். அவர்களில் மூன்று பேர் அந்த நாவலை முழுக்கப் படித்திருந்தார்கள். படித்துவிட்டு வந்தவர்கள் பேசாமல் போவதைப் போன்ற இழப்பு வாசிப்பு வட்டத்துக்கு வேறில்லை. எது முக்கியமோ அது கூட்டத்தின் முதல் பாதியில் வந்துவிட வேண்டும். கடைசி அரைமணி நேரம் யாருக்கும் உறுதியில்லாத நேரம் என்றே கணக்குப் போட வேண்டும்.

இனி புத்தகம். வட ஆர்க்காட்டு மண்ணைக் களமாகக் கொண்ட, நானூறு பக்கத்தைத் தாண்டிய ஒரு நாவலைத் தேர்ந்தெடுத்து மூன்று வாரம் அவகாசம் கொடுத்திருந்தார்கள். சொந்த ஊரை எழுத்தில் பார்க்கட்டும் என்ற எண்ணம் நல்லது. முதல் கூட்டத்துக்கு அளவுதான் பொருந்தவில்லை. வந்த 21 பேரில் முழுக்கப் படித்தவர்கள் 8, பாதியில் நின்றவர்கள் 6, திறக்காதவர்கள் 7. இன்டர்னல் தேர்வும் ரெக்கார்டு நோட்டும் இருக்கிற மாணவருக்கு நாளைக்கு இருபது பக்கம் என்பது பெரிய சுமை. ஒருங்கிணைப்பாளர்கள் இந்த எண்ணிக்கையைக் கேட்டு மனம் தளர்ந்ததும், குழுவில் ‘அடுத்த முறை படிக்காமல் வர வேண்டாம்’ என்று அறிவிப்புப் போட்டதும் சரியல்ல. முதல் கூட்டத்துக்குப் பாதிப் பேர் படிக்காமல் வருவது எங்கும் நடப்பது. படிக்காமல் வந்தவரும் கலந்துகொள்கிற மாதிரி கூட்டத்தை அமைப்பது நடத்துகிறவர் பொறுப்பு. அப்படி அமைக்காவிட்டால் அவர்கள் படித்ததாகக் காட்டிக்கொள்ள ஆரம்பிப்பார்கள். இந்தக் கூட்டத்தில் இரண்டு பேர் யூடியூப் கதைச்சுருக்கத்தை வைத்துப் பேசினார்கள். நாவலில் இல்லாத ஒரு முடிவை ஒருவர் சொன்னபோது, படித்தவர்கள் அவர் மனம் நோகக்கூடாது என்று மௌனமாக இருந்துவிட்டார்கள். அந்த மௌனத்தில் பேச்சு படுத்துவிட்டது.

பிரதி கிடைப்பதும் சிக்கலாக இருந்தது. நூலகத்தில் கிடைத்த பிரதிகள் போதவில்லை, சிலர் விலை கொடுத்து வாங்கினார்கள், மற்றவர்களுக்கு யாரோ ஸ்கேன் செய்த பிடிஎஃப் போனது. உரிமை உள்ள புத்தகத்தை இப்படிச் சுற்றுக்கு விடுவது எழுத்தாளருக்கும் பதிப்பகத்துக்கும் செய்கிற தீங்கு, வாசிப்பு வட்டம் அதைச் செய்யக்கூடாது. நடைமுறையிலும் அது காலை வாரியது. மூன்று வெவ்வேறு பதிப்புகள் கையில் இருந்ததால் ‘147-ஆம் பக்கம்’ என்று ஒருவர் சொன்னால் மற்றவர்கள் தேடித் தேடிக் களைத்தார்கள். பதிப்பு வேறுபட்டால் அத்தியாய எண்ணையும் பத்தியின் முதல் மூன்று சொற்களையும் சொல்ல வேண்டும், பக்க எண் உதவாது.

இத்தனைக்கும் நடுவில் எட்டு நிமிடம் அருமையாக அமைந்தது. யாரும் திட்டமிட்டது இல்லை. பேச்சு நின்றுபோன ஒரு கட்டத்தில் குடியாத்தத்திலிருந்து வந்த இரண்டாமாண்டு மாணவி ஒருவர், ‘இந்த இடத்தைப் படிக்கட்டுமா?’ என்று கேட்டு, சந்தையில் நடக்கும் ஓர் உரையாடலை உரக்க வாசித்தார். ‘இன்னா’, ‘கீது’, ‘வந்துகினு’ என்ற சொற்கள் தாளில் இருக்கும்போது பலருக்கும் தடுமாற்றமாக இருந்தவை, அவர் வாயில் வந்ததும் வீட்டுப் பேச்சாகிவிட்டன. அதில் ‘மல்லாட்டை’ என்று ஒரு சொல் வந்தது. ஆரணிப் பக்கத்திலிருந்து வந்தவருக்கு அது வீட்டுச் சொல். வேலூர் நகரத்துப் பிள்ளைகளுக்கு அது வேர்க்கடலை. இன்னொருவர், அவர் தாத்தா மணிலாக்கொட்டை என்று சொல்வார் என்றார். மணிலாக்கொட்டைதான் தேய்ந்து மல்லாட்டை ஆனது என்று ஒருவர் விளக்க, நிலக்கடலை என்று எழுதினால்தான் எல்லாருக்கும் புரியும் என்று ஒருவர் மறுக்க, அப்படி எழுதினால் அந்த வியாபாரி யார் என்பதே போய்விடும் என்று வாசித்த மாணவி சொன்னார். அதுவரை வாய் திறக்காத நான்கு பேர் அந்த ஒரு சொல்லில் பேசத் தொடங்கினார்கள். கூட்டம் முடிந்த பிறகும் ஒன்பது பேர் கீழே டீக்கடையில் 6.40 வரை நின்று இதையே பேசிக்கொண்டிருந்தார்கள்.

இந்த வட்டத்துக்கு எது பொருந்தும் என்பதற்கு விடை அந்த எட்டு நிமிடத்தில் இருக்கிறது: வந்த இடத்திலேயே, எல்லாரும் கேட்க, உரக்க வாசிப்பது. இந்த ஊரில் அதற்குத் தனிக் காரணமும் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு பக்கத்தில் வீட்டில் உருது பேசுகிற மாணவர்கள் நிறைய. சித்தூர் எல்லையோரம் தெலுங்கு பேசுகிறவர்கள். ஆங்கில வழியில் படித்து, தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் எல்லாரும் தமிழைக் கேட்டால் நன்றாகப் புரிந்துகொள்கிறவர்கள். நானூறு பக்க நாவலைக் கையில் கொடுத்தால் இவர்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள், ஒரு சிறுகதையை உரக்க வாசித்தால் மற்றவர்களோடு ஒரே வரிசையில் உட்காருவார்கள்.

எவ்வளவு நீளக் கதை? நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு 90 முதல் 100 சொல் போகும். 2,000 சொல்லுள்ள கதைக்கு இருபது நிமிடம். அதற்கு மேல் போனால் கேட்பவர் கவனம் சிதறும், 1,200-க்குக் கீழே போனால் பேசப் பொருள் குறையும். நான்கு பேர் மாற்றி மாற்றி வாசிப்பது நல்லது. ஆனால் யாரையும் அந்த இடத்தில் திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்லக்கூடாது. இரண்டு நாள் முன்பே நான்கு பேரிடம் தாளைக் கொடுத்து, வீட்டில் ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டு வரச் சொல்ல வேண்டும். வட்டார வழக்கு வருகிற கதை என்றால் அந்த வட்டாரத்து ஆளுக்கே அந்தப் பகுதியைக் கொடுக்க வேண்டும்.

கதையைத் தேர்ந்தெடுக்கும்போது நகல் எடுக்கும் உரிமையையும் சேர்த்துப் பார்த்துவிட்டால் தொல்லை இல்லை. நம் நாட்டுச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு முடிந்ததும் உரிமை பொதுவாகிவிடுகிறது. தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்துகளை அதற்கு முன்பே யாரும் அச்சிடலாம். உதாரணமாக 1948-இல் மறைந்த புதுமைப்பித்தனின் எழுத்து 2002-இல் நாட்டுடைமை ஆனது. தமிழ் நூல்களை மின்னூலாக்கும், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் இப்படிப்பட்ட படைப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய எழுத்துருவில் உள்ள பிடிஎஃப்-இலிருந்து நகலெடுத்து ஒட்டினால் எழுத்துகள் உடைந்து வரும் என்பதால் யூனிகோடு பிரதியாகப் பார்த்து எடுக்க வேண்டும், ஒருமுறை மூலத்தோடு ஒப்பிட்டும் பார்க்க வேண்டும். ஒற்றுப்பிழையோடு அச்சிட்ட கதையை உரக்க வாசிக்கிறவர் சரியாக அந்த இடத்தில்தான் தடுக்குவார்.

தாள் தயாரிப்பில் கொஞ்சம் கவனம் போதும். 13 புள்ளி எழுத்து, வரிக்கு வரி ஒன்றரை இடைவெளி, இடது ஓரத்தில் ஐந்து வரிக்கு ஒரு வரி எண். இப்படி அடித்தால் 2,000 சொல் சுமார் எட்டு ஏ4 பக்கம் வரும், இருபுறமும் அச்சிட்டால் நான்கு தாள். 25 பேருக்கு 100 தாள். முன்னும் பின்னும் சேர்த்துத் தாளுக்கு இரண்டு ரூபாய் என்று வைத்தால் 200 ரூபாய். வரி எண் என்பது சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் ‘மூன்றாம் பக்கம் பதினைந்தாம் வரி’ என்றதும் எல்லாக் கண்ணும் ஒரே இடத்துக்குப் போவதைப் பார்த்தவர்கள் பிறகு அதை விடமாட்டார்கள். தாளை இடது மேல் மூலையில் ஒரு ஸ்டேப்ளர் பின் போட்டுக் கொடுக்க வேண்டும். இந்தக் கூட்டத்தில் கொடுத்த கேள்வித்தாள் தனித்தனித் தாளாக இருந்து, மின்விசிறியில் பறந்து, நாலைந்து பேர் குனிந்து பொறுக்கிக்கொண்டே இருந்தார்கள். ஆளுக்கு ஒரு பென்சில் கட்டாயம். பேனா என்றால் கோடு போடத் தயங்குவார்கள்.

வாசித்து முடித்ததும் ஐந்து நிமிடம் யாரும் பேசக்கூடாது. ஒவ்வொருவரும் தாளைப் புரட்டி, தன்னை நிறுத்திய ஒரு வரியின் கீழ் கோடு போட வேண்டும், பிறகு வட்டமாகச் சுற்றி வந்து ஆளுக்கு ஒரு வரியைப் படித்து, ஏன் என்று ஒரே வாக்கியம் சொல்ல வேண்டும். இருபது பேருக்கு இருபது நிமிடம். இதில் கதைச்சுருக்கத்தை நம்பி வந்தவர் என்று யாரும் இருக்க முடியாது, ஏனென்றால் கதை இப்போதுதான் காதில் விழுந்தது. இரண்டு மூன்று பேர் ஒரே வரியைப் பிடித்திருப்பார்கள், விவாதத்தை அங்கிருந்து தொடங்கலாம். ‘கதை எப்படி இருந்தது, பிடித்ததா?’ என்று இந்தக் கூட்டத்தில் கேட்ட கேள்விக்கு ‘நல்லா இருந்துச்சு’ என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை. அந்தக் கேள்வியிலிருந்து வேறு பதில் வரவும் வழியில்லை.

விவாதத்துக்குக் கிடைத்த 28 நிமிடத்தில் வாசிப்பு 8 போக மீதி 20 நிமிடம். அதில் 14 நிமிடத்தை மூன்று பேர் எடுத்துக்கொண்டார்கள். மூவரும் இறுதியாண்டு. அவர்கள் சொன்னது கனமாகவே இருந்தது, ஆனால் அண்ணன்கள் பேசும்போது குறுக்கே பேசும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு இல்லை என்பதால் முதலாமாண்டுக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்கள். ‘தம்பி, நீயும் சொல்லுப்பா’ என்று ஒருங்கிணைப்பாளர் அன்போடு இரண்டு முறை அழைத்தார். அழைப்பு மட்டும் போதாது, முறை வேண்டும். குடியாத்தம் தீப்பெட்டிக்குப் பேர்போன ஊர். ஒரு தீப்பெட்டி வாங்கி ஆளுக்கு இரண்டு குச்சி கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. பேசும்போது ஒரு குச்சியை நடுவில் வைக்க வேண்டும். இரண்டும் தீர்ந்தவர், எல்லாரும் ஒரு குச்சியாவது வைக்கும்வரை கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஆசிரியர் வந்தாலும் அதே இரண்டு குச்சிதான். யாராவது பேசாமலே இருக்க விரும்பினால் குச்சியைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிடலாம், அதில் தவறில்லை.

மௌனத்தைக் கண்டு ஒருங்கிணைப்பாளர் பயப்படக்கூடாது. ஒவ்வொரு முறை அறை அமைதியானபோதும் மூன்று வினாடிக்குள் அவரே பேசி நிரப்பினார். மனதுக்குள் பத்து வரை எண்ண வேண்டும். ஏழு எட்டு வரும்போது யாராவது வாய் திறப்பார்கள், அப்படித் திறப்பவர் பெரும்பாலும் அதுவரை பேசாதவராக இருப்பார்.

அறை இருபதுக்கு இருபத்துநான்கு அடி. வெளிச்சம் நன்று, குடிதண்ணீர் கேன் இருந்தது, கழிவறை சுத்தமாக இருந்தது. மாணவிகள் திரும்ப வர வேண்டும் என்றால் கடைசியாகச் சொன்னது முதலில் சரியாக இருக்க வேண்டும், இங்கே சரியாக இருந்தது. குறை இரண்டு. நாற்காலிகளை வகுப்பறை மாதிரி வரிசையாகப் போட்டிருந்தார்கள். பின்வரிசைக்காரர் முன்வரிசைக்காரரின் முதுகைப் பார்த்துப் பேச வேண்டியிருந்தது. 21 நாற்காலியை வட்டமாகப் போட, நாற்காலிக்கு இரண்டரை அடி என்று வைத்தால், சுமார் 17 அடி விட்டம் வேண்டும். அந்த அறையில் தாராளமாக இடம் இருந்தது, நடுவில் இருந்த மேசையை மட்டும் வெளியே எடுத்திருக்க வேண்டும். முப்பது பேர் வந்தால் நாற்காலி வட்டம் 24 அடி கேட்கும், அப்போது கோரைப்பாய் விரித்துத் தரையில் உட்காருவதே வழி. இரண்டாவது குறை வெப்பம். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை வேலூர் வெயிலில் மூன்று மணிக்குத்தான் உச்சமாகக் கொதிக்கும். மின்விசிறியை ஐந்தில் வைத்தால் காற்று வரும், மென்மையான குரல் கேட்காது. மூன்றில் வைத்தால் குரல் கேட்கும், வியர்க்கும்.

நேரத்தை மாற்றுவதே தீர்வு. ஞாயிறு காலை பத்து மணி என்றால் ஆராதனைக்குப் போகிறவர்கள் வர முடியாது, இந்த ஊரில் அவர்கள் கணிசம். சனிக்கிழமை பல கல்லூரிகளுக்கு வேலை நாள். ஞாயிறு 11 முதல் 12.45 வரை வைத்தால் எல்லாருக்கும் ஒத்துவரும். அறிமுகமும் தாள் கொடுப்பதும் 10 நிமிடம், வாசிப்பு 20, கோடு போட 5, வரிச் சுற்று 20, தேநீர் 10, திறந்த விவாதம் 35, அடுத்த கூட்ட ஏற்பாடு 5. விடுதி மாணவிகள் மதிய உணவுக்குத் திரும்பிவிடலாம். காட்பாடி–பாகாயம் டவுன் பஸ் பழைய பஸ் ஸ்டாண்ட் வழியாகத்தான் போகிறது, அங்கிருந்து நடந்து வரலாம். கட்டணமில்லாப் பயணம் உள்ள சாதாரண டவுன் பஸ்ஸில் மாணவிகளுக்குப் பஸ் செலவும் இல்லை. ஆற்காடு, குடியாத்தம், ஆம்பூர்க்காரர்கள் புதிய பஸ் ஸ்டாண்டில் இறங்குவார்கள் என்பதால், அங்கிருந்து எப்படி வர வேண்டும் என்று அறிவிப்பில் இரண்டு வரி எழுத வேண்டும். இந்த முறை அது இல்லாததால் நான்கு பேர் கிரீன் சர்க்கிளில் நின்று போன் செய்துகொண்டிருந்தார்கள்.

தேநீர் கணக்கு சரியாக இருந்தது: இரண்டு லிட்டர் பிளாஸ்க், 70 மில்லி டம்ளர், 28 பேருக்கு வரும். எவர்சில்வர் டம்ளர் கொண்டுவந்து கழுவி எடுத்துப் போனது பாராட்ட வேண்டிய செயல். கூடவே ஆற்காடு மக்கன் பேடா கொடுத்தார்கள். விருந்தாளிக்கு ஊரின் சிறந்ததைக் கொடுக்க வேண்டும் என்ற நல்ல மனம். ஆனால் பாகில் ஊறிய இனிப்பைக் கரண்டி இல்லாமல் காகிதத் தட்டில் வாங்கிய கையோடு புத்தகத்தைப் புரட்டினார்கள், நூலகப் பிரதி ஒன்றின் நாலு பக்கம் ஒட்டிக்கொண்டது. பேடாவைக் கூட்டம் முடிந்து படியிறங்கும்போது கொடுக்கலாம்.

நூலகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1948-இல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு நூலக வரியும் நம் ஊர்களில் வசூலாகிறது, அந்தப் பணத்தில் நடப்பவை பொது நூலகங்கள். நூலகங்களில் வாசகர் வட்டம் என்ற அமைப்பும் உண்டு. மாவட்ட மைய நூலகத்துக்கு இரண்டு பேர் நேரில் போய், வட்டத்தைப் பற்றிச் சொல்லி, அடுத்த மூன்று கூட்டத்துக்கான பட்டியலை முன்கூட்டியே கொடுத்தால் பிரதிகளைத் தேடி வைக்க நூலகருக்கு வழி கிடைக்கும். ஒரு வாரம் முன்பு போய்க் கேட்டால் அவரால் எதுவும் செய்ய முடியாது.

நீண்ட நாவலை ஒதுக்க வேண்டும் என்பதில்லை. நான்காவது, ஐந்தாவது கூட்டத்தில், ஆட்கள் ஒருவரை ஒருவர் அறிந்த பிறகு, மாதத்துக்கு நூறு பக்கம் என்று நான்கு மாதத்தில் இதே நாவலை முடிக்கலாம். ஒவ்வொரு மாதமும் அந்த நூறு பக்கத்திலிருந்து இரண்டு பக்கம் கூட்டத்தில் உரக்க வாசிக்க வேண்டும், பின்தங்கியவரும் அந்த இரண்டு பக்கத்தை வைத்துப் பேசிவிடலாம். அடுத்த கூட்டத்துக்கு இன்னொரு முந்நூறு பக்க நாவலை அறிவித்திருக்கிறார்கள். அறிவிப்பை மாற்ற இன்னும் நாள் இருக்கிறது. வராமல் போன 13 பேருக்கும், பாதியில் கிளம்பிய ஐந்து பேருக்கும் தனித்தனியாகச் செய்தி அனுப்பி, படிக்காமல் வரலாம், கதை அங்கேயே வாசிக்கப்படும் என்று சொல்ல வேண்டும். குழுவில் பொதுவாகப் போடும் அறிவிப்பை அவர்கள் தங்களுக்கு என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முதல் கதையை வாசிக்க அந்தக் குடியாத்தத்து மாணவியையே கேட்கலாம். தேநீரோடு வைக்க, தோல் நீக்கி வறுத்த மல்லாட்டை அரைக் கிலோ போதும். கையில் ஒட்டாது.